உங்களுக்குத் தெரியுமா? – துப்பாக்கி ஏந்தாத படை

ராணுவ வரலாறு என்றாலே தளபதிகள், வரைபடங்கள், வெற்றி தோல்விகள் என்றுதான் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அண்மைக் காலத்தில் வந்த ஆய்வுகள் வேறு ஆட்களைத் தேடிப் போகின்றன: சமையற்காரர்கள், கழுதை ஓட்டிகள், கைதிகள், கடிதம் எழுதத் தெரியாத சிப்பாய்கள். இரண்டு உலகப் போர்களில் இந்தியர்கள் பட்ட பாட்டைப் பற்றி அந்த ஆய்வுகள் சொல்வதில் சில இங்கே.

★ முதல் உலகப் போருக்காக 1919 இறுதிவரை இந்தியாவில் திரட்டப்பட்டவர்கள் ஏறக்குறைய 14 லட்சத்து 40 ஆயிரம் பேர். அவர்களில் சுமார் 5 லட்சத்து 63 ஆயிரம் பேர் சண்டையிடப் போகவே இல்லை. தண்ணீர் சுமந்தார்கள், ரொட்டி சுட்டார்கள், துணி வெளுத்தார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள், கோவேறு கழுதைகளை ஓட்டினார்கள், மலம் அள்ளினார்கள், ரயில் பாதை போட்டார்கள். ஐந்து பேரில் இரண்டு பேர் இப்படிப்பட்டவர்கள். ஆனாலும் நூறு ஆண்டுகளாக 'இந்தியச் சிப்பாய்' என்ற ஒரே படத்துக்குப் பின்னால் இவர்கள் மறைந்து கிடந்தார்கள்.

வரலாற்றாசிரியர் ராதிகா சிங்கா 2020-இல் வெளியிட்ட 'தி கூலீஸ் கிரேட் வார்' இவர்களுக்கென்றே எழுதப்பட்ட நூல். அதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. குண்டு விழும் இடத்தில் தூக்குக்கட்டிலோடு ஓடியவருக்கும், அதே இடத்தில் துப்பாக்கியோடு நின்றவருக்கும் ஆபத்து ஒன்றுதான். சம்பளமும், சாப்பாடும், காயம்பட்டால் கிடைக்கும் ஓய்வூதியமும் ஒன்றல்ல. யாருக்கு எந்த வேலை என்பதைப் பெரும்பாலும் பிறந்த சாதியே முடிவு செய்தது. ஆள் கிடைக்காமல் போர் இழுத்துக்கொண்டே போனபோதுதான் அரசு இறங்கி வந்து இவர்களுடைய சம்பளத்தைக் கூட்டியது.

ஆள் பஞ்சம் எந்த அளவுக்குப் போனது தெரியுமா? 1916 அக்டோபருக்கும் 1919 ஜூலைக்கும் இடையே இந்தியச் சிறைகளிலிருந்து சுமார் 16,000 கைதிகள் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, அனுப்பப்பட்டார்கள். வேலையை முடித்துத் திரும்பினால் மீதித் தண்டனை தள்ளுபடி என்பது ஏற்பாடு.

★ மணிப்பூர் மலைகளில் 1917 முதல் 1919 வரை நடந்த குக்கி எழுச்சியைத் தூண்டியதும் ஐரோப்பியப் போர்தான். பிரான்சில் வேலை செய்ய ஆள் அனுப்பும்படி வந்த உத்தரவைக் குக்கித் தலைவர்கள் ஏற்க மறுத்தார்கள். அதை அடக்கப் பிரிட்டிஷ் அரசுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. பக்கத்து நாகா மலைகளிலிருந்து பிரான்சுக்குப் போனவர்களின் கதை வேறு விதமாகத் திரும்பியது. ஊர் மீண்டவர்களில் சிலர் 1918-இல் உருவான நாகா மன்றத்தில் சேர்ந்தார்கள். நாகர்களின் எதிர்காலத்தை நாகர்களே முடிவு செய்ய விட வேண்டும் என்று 1929-இல் சைமன் கமிஷனிடம் மனு கொடுத்தது அந்த மன்றம்தான்.

★ மெசபடோமியாவில் இந்தியச் சிப்பாய்களைப் படுக்கையில் தள்ளியது துருக்கியரின் குண்டு மட்டுமல்ல. 1916-இன் பிற்பாதியில் மட்டும் 11,000-க்கும் அதிகமான இந்தியர்கள் ஸ்கர்வி நோயோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிய பழைய காயம்கூட மறுபடி திறந்துகொள்ளும். வைட்டமின் சி குறைந்தால் வரும் நோய் இது.

ஏன் வந்தது? மருத்துவ வரலாற்றாசிரியர் மார்க் ஹாரிசன் இதை விரிவாக எழுதியிருக்கிறார். இந்தியச் சிப்பாயின் படி என்பது கோதுமை மாவு, பருப்பு, நெய், உப்பு, வெல்லம். காய்கறி அவ்வப்போதுதான், அதுவும் கையில் வந்து சேர்ந்தால். ஊரில் இருக்கும்போது அந்தப் படி போதாவிட்டாலும் பக்கத்துத் தோட்டத்தில் கீரையாவது கிடைக்கும். பாலைவனத்தில் எதுவும் இல்லை. டைக்ரிஸ் ஆற்றில் படகுகள் போதாமல் அனுப்பிய காய்கறியும் வழியிலேயே அழுகியது.

இங்கே இன்னொரு பெரிய தவறும் நேர்ந்தது. ஸ்கர்விக்கு மருந்தாகப் படைக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். ஆனால் பழைய பிரிட்டிஷ் கடற்படையைக் காப்பாற்றியது மத்தியதரைக்கடல் ஓரத்துப் பெரிய எலுமிச்சை. இப்போது புட்டியில் வந்தது மேற்கிந்தியத் தீவுகளின் சிறு எலுமிச்சைச் சாறு. அதற்கு அந்தச் சக்தி இல்லை. லண்டனின் லிஸ்டர் ஆய்வுக்கூடத்தில் ஹாரியட் சிக் தலைமையிலான பெண் விஞ்ஞானிகள் போர் முடியும் தறுவாயில் இதைச் சோதித்து நிறுவினார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் ஆய்வுக்கூடத்தின் கதவு அவர்களுக்குக் கூடுதலாகத் திறந்திருந்த காலம் அது. காய்ந்த பருப்பில் இல்லாத அந்தச் சத்து, அதே பருப்பை ஊறவைத்து முளைகட்டினால் வந்துவிடுகிறது என்று காட்டியதும் அவர்களே. மூட்டை மூட்டையாகப் பயறு இருந்த முகாம்களில், ஒரு வாளித் தண்ணீரும் ஈரத்துணியும் இருந்திருந்தால் தப்பித்திருக்கக்கூடிய நோய். இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் வலிக்கும் செய்தி இதுதான்.

★ 1914 நவம்பர் தொடக்கத்தில், ஜெர்மனியின் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க பம்பாயிலிருந்து சுமார் 8,000 பேர் கொண்ட படை கப்பலில் போனது. எதிரே இருந்தது ஏறக்குறைய 1,000 பேர். ஜெயிக்க வேண்டிய சண்டையில் படுதோல்வி. 16 இயந்திரத் துப்பாக்கிகளையும் 6 லட்சம் தோட்டாக்களையும் கரையிலேயே போட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். சண்டைக்கு நடுவே கலைந்த தேனீக் கூட்டங்கள் இரு பக்கத்தாரையும் துரத்தித் துரத்திக் கொட்டின. ஜெர்மானியர் பழக்கி ஏவிய தேனீக்கள் என்று அப்போது கிளம்பிய வதந்தி இன்றைக்கும் உலவுகிறது.

அந்தப் படையில் இருந்த ஒரு பட்டாலியனின் பெயர் 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. நம் திருநெல்வேலிச் சீமைப் பெயர் தாங்கிய அந்தப் படை சண்டையில் கலைந்து ஓடியது என்பது உண்மை. 'மதராஸ்காரர்கள் சண்டைக்கு லாயக்கில்லை' என்ற பேச்சுக்கு இந்தச் சம்பவம் பல காலம் சாட்சியாக நிறுத்தப்பட்டது.

புதிய ஆய்வாளர்கள் சம்பவத்தைச் சுற்றியிருந்ததையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு, கடல் மயக்கத்தில் வாந்தியெடுத்துத் துவண்டவர்களை இறக்கிய கையோடு சண்டைக்கு அனுப்பினார்கள். ஒன்றாகச் சேர்ந்து ஒருமுறைகூடப் பயிற்சி செய்யாத பட்டாலியன்கள். முன்கூட்டி வேவு பார்க்கவில்லை. போதாக்குறைக்கு 'ஃபாக்ஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் தலைவர் ஜெர்மானியருக்கு முன்னறிவிப்பு வேறு கொடுத்து, ஆள் சேர்த்துக்கொள்ள அவகாசமும் தந்தார்.

இந்தியச் சிப்பாய்களை அந்தச் சண்டைக்காக ஏளனமாக எழுதியவர்களில் முக்கியமானவர் உளவு அதிகாரி ரிச்சர்ட் மெய்னர்ட்ஸ்ஹேகன். அவருடைய நாட்குறிப்பு பல நூல்களுக்கு மூலமாகப் பயன்பட்டது. 2007-இல் பிரையன் கார்ஃபீல்டு எழுதிய நூல் அந்த நாட்குறிப்புகளில் பெரும் பகுதி பின்னால் ஜோடிக்கப்பட்டது என்று எடுத்துக்காட்டியது. பறவை ஆராய்ச்சியாளராகவும் புகழ்பெற்றிருந்த அவர், பிறர் சேகரித்த பறவைகளைத் திருடித் தன் பெயரில் சீட்டு மாற்றி ஒட்டியதை அதற்கு முன்பே பறவையியலார் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு வட்டாரத்து மக்களின் வீரத்தை அளக்க இப்படிப்பட்டவரின் சாட்சி போதுமானதாக இருந்திருக்கிறது.

★ சில இனத்தார்தான் சண்டைக்குப் பிறந்தவர்கள் என்னும் 'போர் இனம்' கருத்து இயற்கை அல்ல, ஒரு காலத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு என்று 2004-இல் வரலாற்றாசிரியர் ஹெதர் ஸ்ட்ரீட்ஸ் விளக்கினார். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு சீக்கியர், கூர்க்கா, ஸ்காட்லாந்து மலைநாட்டார் ஆகிய மூன்று வகை வீரர்களைச் சேர்த்துப் பத்திரிகைகளும் படைத்தலைமையும் வளர்த்த பிம்பம் அது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, தெற்கத்தியர் போர்க்குணத்தை இழந்துவிட்டார்கள் என்று தீர்மானித்தார். பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதி ஆனார். சென்னைப் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது பஞ்சாபியரைக் கொண்டு நிரப்பப்பட்டன. 1920-களின் இறுதிக்குள் மெட்ராஸ் காலாட்படை என்று எதுவுமே மிஞ்சவில்லை. தப்பித்தது பெங்களூரில் தளம் கொண்ட சப்பர்ஸ் பொறியாளர் படைதான். இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவை வந்ததும் கொள்கை பறந்துபோனது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் மறுபடி எழுப்பப்பட்டது. பர்மா வரை போய்ச் சண்டையிட்டது.

★ பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பதக்கத்தைப் பெற இந்தியர்களும் தகுதி உடையவர்கள் என்ற விதியே 1911-இல்தான் வந்தது.

★ ஒரே வீட்டில் பிறந்த இரண்டு சகோதரர்கள். திராப் பள்ளத்தாக்கின் அஃப்ரிதி பட்டாணியர்கள். தம்பி மிர் மஸ்த் 1915 மார்ச் மாதத் தொடக்கத்தில், ஓர் இரவில், பத்துக்கும் மேற்பட்ட அஃப்ரிதி வீரர்களோடு நூவ் ஷப்பேல் அருகே அகழியைத் தாண்டி ஜெர்மானியர் பக்கம் போய்விட்டார். அண்ணன் மிர் தஸ்த் ஏப்ரல் 26 அன்று ஈப்ர போர்க்களத்தில் நச்சுப்புகைக்கு நடுவே நின்று அதிகாரிகளையும் சிப்பாய்களையும் தூக்கிவந்து காப்பாற்றினார். அதற்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. பிரைட்டன் அரண்மனை மருத்துவமனைப் புல்வெளியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே பதக்கத்தைக் குத்தினார். அந்த நேரத்தில் மிர் தஸ்த் மன்னரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்: காயம்பட்டுத் தேறியவர்களை மறுபடி போர்முனைக்கு அனுப்பாதீர்கள்.

ஒருவரைத் துரோகி என்றும் மற்றவரை வீரர் என்றும் பிரித்து வைக்க இந்தக் கதை இடம் கொடுப்பதில்லை. ஜார்ஜ் மோர்ட்டன்-ஜாக் போன்ற ஆய்வாளர்கள் இருவரையும் சேர்த்தே பார்க்கிறார்கள். தம்பி காபூலுக்குப் புறப்பட்ட ஜெர்மானியத் தூதுக்குழுவோடு கிழக்கே திரும்பினார்.

★ பிரான்சிலிருந்து ஊருக்குப் போன சிப்பாய்க் கடிதங்களை எல்லாம் தணிக்கை அலுவலகம் படித்தது. எழுதியவர்களுக்கும் அது தெரியும். எனவே அவர்கள் மிளகுக்கும் மிளகாய்க்கும் தாவினார்கள். 'கறுப்பு மிளகு' என்றால் இந்தியர். 'சிவப்பு மிளகாய்' என்றால் வெள்ளையர். கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது என்று எழுதினால், நம் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், வராதே என்று அர்த்தம். தணிக்கையாளர்கள் அதையும் புரிந்துகொண்டார்கள். மூலக் கடிதங்கள் பெரும்பாலும் காணாமல் போய்விட்டன. தணிக்கைக்காரர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்த பகுதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சிப்பாயின் மனதை இன்று நாம் அறிவது, அவரை வேவு பார்த்தவர்களின் காகிதங்கள் வழியாகத்தான்.

★ பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ஃப் என்ற ஊரில் 'பிறைநிலவு முகாம்' இருந்தது. பிரிட்டன், பிரான்ஸ் படைகளில் சண்டையிட்டுப் பிடிபட்ட இஸ்லாமியர்களையும் இந்தியர்களையும் அங்கே வைத்திருந்தார்கள். அவர்களைத் தங்கள் பக்கம் இழுக்க 1915-இல் ஜெர்மனி கட்டிக்கொடுத்த மரப் பள்ளிவாசல், அந்த மண்ணில் தொழுகைக்கென எழுந்த முதல் பள்ளிவாசல். மொழி ஆராய்ச்சியாளர்களும் இசை ஆராய்ச்சியாளர்களும் இப்படிப்பட்ட முகாம்களில் ஒலிப்பதிவுக் கருவியோடு இறங்கி, 1915 முதல் 1918 வரை 1,650 இசைத்தட்டுகளில் கைதிகளின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்தார்கள். அவர்களுக்கு வேண்டியது மொழி மாதிரி. ஆனால் 1916 டிசம்பர் 11 அன்று ஒலிப்பதிவுக் குழல் முன் நின்ற மல் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய், 'ஒருவன்' என்று மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலத் தன் கதையையே சொன்னார்: சொந்த ஊரில் வெண்ணெய் தின்றவன், இந்தப் போரில் வந்து மாட்டிக்கொண்டான், திரும்பிப் போக ஏங்குகிறான். ஒரு நிமிடத்துக்குச் சற்று கூடுதலான பதிவு. 2007-இல் பிலிப் ஷெஃப்னர் எடுத்த ஆவணப்படம் வழியாக அந்தக் குரல் உலகத்தின் காதுக்கு வந்தது.

★ டன்கிர்க் கடற்கரையில் 1940-இல் இந்தியர்களும் நின்றார்கள். பிரிட்டிஷ் படை அப்போது முழுக்க மோட்டார் வண்டிக்கு மாறியிருந்தது. பிரான்சின் குளிர்காலச் சேற்றில் வண்டிகள் மாட்டிக்கொள்ள, கோவேறு கழுதைகள் தேவைப்பட்டன. கே-6 என்ற பெயரில் நான்கு கழுதைப் படைப்பிரிவுகள் இந்தியாவிலிருந்து கிளம்பி 1939 டிசம்பர் 26 அன்று மார்செய் துறைமுகத்தில் இறங்கின. பெரும்பாலோர் பஞ்சாபி முஸ்லிம்கள். பின்வாங்கும்போது கழுதைகளை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். ஒரு பிரிவு முழுதாக ஜெர்மானியரிடம் பிடிபட்டது. மற்றவர்கள் பிரிட்டன் போய்ச் சேர்ந்து அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்தார்கள். ஆய்வாளர் கீ பௌமன் 2020-இல் இவர்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார்.

★ 1943-இல் பர்மா எல்லையில், காயம்பட்டு அப்புறப்படுத்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் அப்புறப்படுத்தப்பட்டவர்கள் 120 பேர் என்று தளபதி ஸ்லிம் எழுதியிருக்கிறார். முக்கிய எதிரி மலேரியா. மெபக்ரின் மாத்திரையைத் தன் ஆட்கள் தினமும் விழுங்குகிறார்களா என்று கவனிக்காத மூன்று பட்டாலியன் தலைவர்களை அவர் பதவியிலிருந்தே நீக்கினார்.

★ நேதாஜியின் ஜான்சி ராணி படை 1943-இல் சிங்கப்பூரில் உருவானபோது அதற்குத் தலைமை ஏற்றவர் சென்னையில் படித்து மருத்துவரான லட்சுமி சுவாமிநாதன். இதைப் பலரும் அறிவார்கள். சேர்ந்த பெண்களில் பெரும் பகுதியினர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பிறந்த தமிழ்ப் பெண்கள் என்பதும், பலர் இந்தியாவைக் கண்ணால்கூடக் கண்டதில்லை என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உயிரோடிருந்த ராணிகளைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்து வேரா ஹில்டபிராண்ட் 2016-இல் நூல் வெளியிட்டார். படையின் துணைத் தலைமைப் பொறுப்பில் இருந்த கோலாலம்பூர் ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது.

அதே மலாயாத் தோட்டங்களிலிருந்து இன்னொரு கூட்டமும் போனது. ஜப்பானியர் கட்டிய 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். மேற்கத்தியப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. மலேசியத் தமிழர்கள் எடுத்த முயற்சியால் அண்மை ஆண்டுகளில்தான் அங்கே ஒரு நடுகல் நிறுத்தப்பட்டது.

★ பதவி, இனம், மதம் எதுவும் பாராமல் இறந்த ஒவ்வொருவரின் பெயரையும் கல்லில் பொறிப்போம் என்பது 1917-இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையத்தின் உறுதிமொழி. 2021 ஏப்ரலில் அந்த ஆணையமே வெளியிட்ட அறிக்கை, வாக்கு காப்பாற்றப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்கர், ஆசியர், அரபுப் பகுதியினரில் குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும்கூட, பெயரே இல்லை, அல்லது நினைவுச்சின்னமே இல்லை. பேராசிரியர் மிஷெல் பாரெட் ஆவணங்களில் தோண்டி எடுத்ததும், அதை அடிப்படையாக வைத்து 2019-இல் பிரிட்டிஷ் அரசியல்வாதி டேவிட் லாமி வழங்கிய தொலைக்காட்சிப் படமும் இந்த விசாரணைக்குக் காரணமாயின.

இராக்கின் பாஸ்ரா நினைவுச்சின்னத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும். இந்திய அதிகாரிகள் வரை பெயர் இருக்கிறது. சாதாரணச் சிப்பாய்க்கு, இன்ன ரெஜிமெண்டில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும். 30,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே வெறும் எண்கள். அவர்கள் பெயர் தெரியாமல் போனவர்கள் அல்ல. பெயர்ப் பட்டியல் காகிதத்தில் பத்திரமாக இருந்தது, கல்லுக்குப் போகவில்லை. இப்போது அந்தப் பெயர்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் திறக்கப்பட்ட புதிய நினைவிடத்தில் அந்தப் போரில் இறந்த 1,700-க்கும் மேற்பட்ட கறுப்பினத் தொழிலாளர்களின் பெயர்கள், கம்பத்துக்கு ஒன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன.

★ லாகூர் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் யாரும் புரட்டாமல் கிடந்த பதிவேடுகளில் 3,20,000 பஞ்சாப் சிப்பாய்களின் விவரம் இருந்தது. கிராமம் கிராமமாக, தகப்பனார் பெயரோடு. பிரிட்டனில் வாழும் பஞ்சாபியரின் மரபுச் சங்கமும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021 நவம்பரில் முதல் தொகுதியை இணையத்தில் வெளியிட்டன.

நம் பக்கத்துக்கு அப்படியொரு கிராமவாரிப் பட்டியல் இன்னும் வரவில்லை. ஆனால் தமிழ்நாட்டிலும் சில ஊர்களில், பழைய கச்சேரிச் சுவரிலோ பள்ளிச் சுவரிலோ, இந்தக் கிராமத்திலிருந்து பெரிய யுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்று சொல்லும் சலவைக்கல் பதிந்திருக்கும். உங்கள் ஊரில் இருந்தால் வெள்ளையடிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். வீட்டில் யாராவது சண்டைக்குப் போய் இறந்ததாகப் பேச்சு இருந்தால், போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். அன்றைய எழுத்தர்கள் தமிழ்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். முனுசாமியை நான்கு விதமாக எழுதித் தேட வேண்டியிருக்கும். ரெஜிமெண்டின் பெயரோ சிப்பாயின் எண்ணோ தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பதக்கம் பரணில் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். எண்ணும் பெயரும் அங்கே பொறித்திருக்கும்.